ரெண்டு தட்டு

முதலில் மவுஸ்தான் கோளாறு என்று நினைத்தாள் செண்பகவடிவு. அவளுடைய மவுஸ் காலையில் ஒரேயடியாக நின்றுபோக, லேப் அட்டெண்டர் செல்லையா எங்கிருந்தோ ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "பிள்ளைங்க தட்டித் தட்டித் தேஞ்சது மேடம், ஒரு தட்டுத் தட்டினா சில நேரம் ரெண்டு தட்டா எடுத்துக்கிடும், பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திரையில் பரீட்சை ஹால் சார்ட், ஒரு கட்டம் ஒரு பிள்ளை, டிபார்ட்மெண்டுக்கு ஒரு நிறம். மெக்கானிக்கல் பையன் ஒருத்தனின் நீலக் கட்டத்தில் நின்றுகொண்டு, மேலே ஓரத்தில் இருக்கிற, ஒரு கட்டத்தின் நிறத்தை இன்னொன்றுக்குப் போடுகிற அந்தச் சின்ன பிரஷ்ஷைத் தட்டி, கீழே இறங்கி வந்து அடுத்த மெக்கானிக்கல் பையனின் கட்டத்தைத் தொட்டாள், நீலம் ஏறியது, அதோடு சரி, இனி பிரஷ் தானாக அணைந்துவிடும், இத்தனை வருஷமும் அப்படித்தான் அணைந்திருக்கிறது. பக்கத்துக் கட்டத்தைத் தொட்டாள், அது சிவில் பையனுடையது, செங்கல் நிறத்தில் இருக்க வேண்டியது, பார்த்தால் அதிலும் நீலம். இது என்னடா கூத்து. வெறும் கட்டம் ஒன்றைத் தொட்டால் விட்டுவிடுமோ என்று தொட்டாள், அங்கேயும் நீலம், தலைப்பைத் தொட்டாள், தேதியும் ஹால் நம்பரும் இருக்கிற தலைப்பு முழுக்க நீலம். கையெல்லாம் மையைப் பூசிக்கொண்ட குழந்தை வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி அவள் தொட்ட இடமெல்லாம் நாசமாகிக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் செமஸ்டர் பரீட்சை, சாயங்காலத்துக்குள் அத்தனை ஹாலுக்கும் யார் எந்த பெஞ்ச் என்று சார்ட் அடித்துக் கதவில் ஒட்டியாக வேண்டும், இன்றைக்குப் பார்த்தா இந்தச் சவம் இப்படிப் பண்ண வேண்டும். மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எஸ்கேப்பைத் தட்டு, எதிலாவது மாட்டிக்கிட்டேன்னா இடது மூலையில இருக்கிறதத் தட்டுட்டி, எல்லாம் விட்டுரும், இது பக்கத்து மேஜை ஜெபராணி சொல்லிக்கொடுத்தது. தட்டினாள், விட்டது. கெடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்துச் சரிபண்ணினாள், தலைப்பு வெள்ளையானது, சிவில் பையன் செங்கலானான். மறுபடி நீலக் கட்டத்தில் நின்று பிரஷ்ஷை மெதுவாக ஒரு தட்டு, ஒரு கட்டம், அணைந்தது. இன்னொரு தட்டு, மவுஸ் அதை ரெண்டாக எடுத்துக்கொண்டது போலிருக்கிறது, ஒரு கட்டம், இன்னொரு கட்டம், மூன்றாவது கட்டம், அணையவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது கோளாறில்லை. ரெண்டு தட்டினால் பிரஷ் நிற்கும், நாமாக விடுகிறவரைக்கும் நிற்கும், அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போகலாம். வேணுமென்றே ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள், நின்றது. மெக்கானிக்கல் பிள்ளைகளை மட்டும் தேடித் தேடித் தொட்டாள், நீலம் நீலம் நீலம். இந்த வேலையில் ஒரு கட்டத்தைப் பிடித்து இழுத்துவிட முடியாது, ஒரே டிபார்ட்மெண்ட் பிள்ளைகள் அடுத்தடுத்து உட்காரக் கூடாது என்பதற்காகத்தானே இந்தக் கலரே, நீலத்துக்குப் பக்கத்தில் செங்கல், செங்கலுக்குப் பக்கத்தில் பச்சை, நடுவில் அரியர் வைத்த பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த கோட்டுக்குள், சிதறிக் கிடப்பதுதான் அழகு, அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே போய் பிரஷ்ஷைத் தட்டிக் கீழே வர வேண்டும், மேலே போக வேண்டும், கீழே வர வேண்டும். ராத்திரி மணிக்கட்டில் நல்லெண்ணெய் தேய்த்துத் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்த ராத்திரிகள் எத்தனை. இப்போது முதல் ஹாலின் மெக்கானிக்கல் மொத்தமும் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்வதென்றால் வேறே யாரிடம், ஜெபாவிடம்தான், மாடியில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவைக்கப் போயிருக்கிறாள், வந்ததும் ஏட்டி ஜெபா இங்க வந்து பாரேன் என்று கூப்பிட்டு, இதைத் தட்டிக் காட்டி, அவள் அப்படியே வாயைப் பிளந்து... அந்த இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது. ஜெபா வாயைப் பிளப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தச் சத்தம். பக்கத்து மேஜையில் ஜெபா வேலை பார்க்கிற சத்தம் அவளுக்கு மனப்பாடம், ஃபேன் சத்தத்தையும் வெளியே நாற்கரச் சாலையில் போகிற லாரிச் சத்தத்தையும் போலக் காதில் கிடந்து கிடந்து காது அதைக் கேட்பதையே விட்டுவிட்டது. டக்டக். பிறகு தக், தக், தக், தக் என்று நிதானமாக ஒற்றை ஒற்றையாக நிறைய. பிறகு மறுபடி டக்டக். இவளுடைய மேஜையில் என்றால் எல்லாமே ஒற்றைதான். அதெப்படி இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஃபைலைத் திறக்க ரெண்டு தட்டு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பிரஷ்ஷுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று யார் கண்டது. மகள் சென்னையில் இந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கொண்டு அழுகிற வேலையில்தான் இருக்கிறாள், ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், ஆனால் என்னவென்று கேட்பது. தெரியாததைத்தான் கேட்கத் தோன்றும், இது தெரிந்த விஷயமாயிற்றே, ஜெபா சொல்லிக்கொடுத்ததாயிற்றே. வடிவு இந்தக் கல்லூரிக்கு வந்தபோது டைப்ரைட்டிங் ஹையர் ரெண்டு மொழியிலும் முடித்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள், கம்ப்யூட்டர் மட்டும் ஆகாது, மவுஸைப் பிடித்தால் அம்பு திரைக்கு வெளியே ஓடும். ஜெபாதான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையை இவள் கைமேல் வைத்து, இப்படிட்டி, இப்படி, ஒரு தட்டு, பிறகு கட்டத்துல ஒரு தட்டு, அம்புட்டுத்தான், பெரிய வித்தை ஒண்ணும் கிடையாது என்றாள். அந்தக் கையின் சூடு இப்போதும் ஞாபகமிருக்கிறது. டைப்ரைட்டிங்கில் ஒரு எழுத்துக்கு ஒரு தட்டு, ரெண்டு தட்டினால் ரெண்டு எழுத்து விழும், மார்க் போகும், அப்படிப் பழகின விரல்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தன. அம்புட்டுத்தான் என்று சொன்னாளே. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் இருந்தது, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

சரி, போகட்டும், ஒரு தட்டுத்தானே, அதைப் போய்ப் பெரிசாக என்று தள்ளப் பார்த்தாள். தள்ள முடியவில்லை, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தது. எத்தனை பரீட்சைக்கு முந்தின மத்தியானங்கள். ஜெபா தன்னுடைய ஹால்களை முடித்துவிட்டுக் கையை உதறி, சோம்பல் முறித்து, எழுந்து வந்து இவள் தோளில் கையை வைப்பாள். "என்னட்டி இன்னும் பாதி கிடக்கு. தள்ளு, ரெண்டு ஹாலு நான் பண்ணித் தாரேன்." வடிவுக்கு மனசு உருகிப்போகும். நமக்காக ஒருத்தி தன் வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள், கூடப்பிறந்தவள் செய்வாளா இதை. வெள்ளிக்கிழமை தோறும் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் தனி டப்பாவில், அது ஜெபாவுக்கு. அரியர் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை வந்தால், ஏட்டி, நீ கோவிலுக்குப் போ, நான் இருந்துக்கிடுதேன் என்று இவளாக வாங்கிக்கொண்ட டியூட்டிகள். தம்பி புது வீட்டுப் பால்காய்ப்புக்குக்கூடப் போகாமல் ஒரு ஞாயிறு இங்கே உட்கார்ந்திருந்தாள், தம்பி பெண்டாட்டி அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். போன வருஷம் ரெண்டு ஹாலின் சார்ட்டை ஜெபா மாற்றி ஒட்டிவிட்டாள், பிள்ளைகள் மணி அடித்த பிறகும் வராந்தாவில் நின்றார்கள், பரீட்சைக் கண்ட்ரோலர் சார் யார் ஒட்டினது என்று கத்தினார், ஜெபாவின் முகம் வெளுத்துப்போனது, வடிவு யோசிக்கவே இல்லை, நான்தான் சார் மாத்தி ஒட்டிட்டேன் என்று சொல்லிவிட்டாள். முந்தின நாள்தானே எனக்கு மூணு ஹாலு பண்ணித் தந்தா, பாவம், அதற்கு நான் இதைக்கூடச் செய்யக் கூடாதா. செய்தாள். இன்று காலையில் கண்ட்ரோலர் சார் அதைத்தான் எடுத்தார். எக்ஸாம் செல்லுக்கு இனிமேல் ஒரு ஆள் போதும் என்று மேலே சொல்லிவிட்டார்களாம், உங்களுக்கு வேகமும் இல்லை, கவனமும் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து ஹாஸ்டல் ஆபீசுக்குப் போங்கம்மா, சாயங்காலம் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். ஹாஸ்டல் ஆபீஸ் என்றால் மெஸ்ஸுக்குப் பின்னால் காய்கறி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதுவதற்கு ஒரு ஆள். ஜெபா அவர் ரூமிலிருந்து வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்ட்டி. ஸ்லோ ஸ்லோன்னே சொல்லுதாரு மனுஷன்" என்றாள், கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. வடிவுதான் அவளைத் தேற்றினாள். நான் தேற்றினேன். நல்லா இருக்கிறது கதை.

கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது, டக்டக், சிவில், செங்கல், செங்கல், செங்கல். ஏதோ ஒன்று பிடிபடாமல் நெருடிக்கொண்டிருந்தது, பல்லிடுக்கில் மாட்டினது போல நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது, மூன்றாவது ஹாலில் அது வெளியே வந்துவிட்டது. கேட்டிருக்கிறாள். அவளே ஒருதரம் கேட்டிருக்கிறாள். கரண்ட் போய் ஃபேன் நின்ற ஒரு மத்தியானம், கம்ப்யூட்டர்கள் மட்டும் பேட்டரியில் ஓடின, அறை அமைதியாகக் கிடந்ததால் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. "அது என்னட்டி நீ மட்டும் ரெண்டு ரெண்டாத் தட்டுத?" ஜெபா திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "இந்த மவுஸ் பழசுல்லா, ஒரு தட்டுக்குக் கேக்க மாட்டேங்கு" என்றாள். வடிவு அய்யோ பாவம் என்று நினைத்தாள், என்னுடையதை வேண்டுமானால் எடுத்துக்கோயேன் என்றுகூடச் சொன்னாள். இப்போதே எழுந்து மாடிக்குப் போய், அத்தனை பேர் முன்னாலும் வைத்து, ஏட்டி உன் வாயில புழு வைக்காதா என்று கேட்க வேண்டும். கண்ட்ரோலர் சார் ரூமுக்குள் போய், சார் நான் ஸ்லோ இல்லை, என்னை ஸ்லோவா வச்சிருந்திருக்கா என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மனுஷனுக்கு என்ன புரியும், ஒரு பிரஷ்ஷை ஒரு தட்டா ரெண்டு தட்டா என்று ஒரு பொம்பளை வந்து நின்று அழுதால் கோட்டி பிடித்துவிட்டது என்பார். அதுதான் இதில் வயிற்றெரிச்சல். இது துரோகம் என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள், புருஷன்கூடச் சிரிப்பார், இதுக்குப் போயா என்பார். செல்லையாவுக்கும் தெரிந்திருக்குமோ, எல்லாருக்கும் தெரிந்திருக்குமோ, வடிவு மேடம் இன்னும் ஒண்ணு ஒண்ணாத் தட்டிக்கிட்டு இருக்காவ என்று லேப்பில் பேசியிருப்பார்களோ. காது மடல் சுட்டது. வேலையை எடுத்துக்கொண்டதுகூடப் பெரிசில்லை, மணிக்கட்டு வலியும் இல்லை, ஒவ்வொரு தடவையும் அவள் வந்து தள்ளு நான் பண்ணித் தாரேன் என்றபோது மனசு உருகினதே, அந்த உருகலை அவள் என்ன செய்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்தாளா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனாலும் மனசு ஒரு பக்கமாகவே நிற்காது. நாலாவது ஹால் போய்க்கொண்டிருந்தபோது அது மெல்ல ஜெபாவின் பக்கம் போய் நின்றுகொண்டது, அங்கே நின்றே பழகினது அல்லவா. மவுஸ் பழசாகவே இருந்திருக்கலாம். இதோ இந்த மவுஸும் கோளாறுதானே, கோளாறினால்தானே எனக்கே தெரிந்தது. ஜெபாவின் மவுஸ் உண்மையிலேயே ஒரு தட்டுக்குக் கேட்காமல் இருந்து, அவள் ரெண்டு தட்டித் தட்டி அது கையோடு வந்துவிட்டு, என்ன நடக்கிறது என்றே தெரியாமல் செய்துகொண்டிருந்திருந்தால். ஏன் இருக்கக் கூடாது. நாம் தினமும் செய்கிற எதைத்தான் தெரிந்து செய்கிறோம். எனக்குச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அவளுக்கே ஒரு தட்டுத்தான் தெரிந்திருக்கும், பிறகு எப்போதோ கை மாறிப்போய், அதை ஒரு விஷயம் என்று நினைத்துச் சொல்லத் தோன்றியிருக்காது. மகள் பிரசவத்தில் ரத்தம் வேண்டும் என்றபோது பண்டிகை நாளையும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து கையை நீட்டினவள் ஜெபாதான், அதுவும் பொய்யா. பொய்யாக ரத்தம் கொடுக்க முடியுமா. அப்படியே தெரிந்து மறைத்தாள் என்றாலும் பயந்துபோய் மறைத்திருப்பாள், அவளுக்கு டைப்ரைட்டிங் லோயரோடு சரி, இந்த வடிவின் விரல் வேகம் எடுத்தால் தன்னால் ஈடுகொடுக்க முடியாது என்று தெரிந்தவள், ஹாஸ்டல் ஆபீஸ் மேஜையைத் தினமும் கடந்துதான் அவளும் வந்துபோகிறாள். இல்லை, அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படி வைத்துக்கொண்டதும் அவளுக்கு மூச்சு சீராக வந்தது, ஏதோ வீட்டில் காணாமல் போனது கிடைத்துவிட்ட நிம்மதி. ஜெபா வரட்டும், இதைக் காட்டுவோம், ஆச்சரியப்படுவாள், ரெண்டு பேரும் சிரிப்போம், இத்தனை வருஷமா ரெண்டு மடச்சியும் என்னத்தட்டி பண்ணிக்கிட்டு இருந்தோம் என்று, பிறகு ரெண்டு பேருமாகப் போய்க் கண்ட்ரோலர் சாரைப் பார்ப்போம். ஹாஸ்டல் ஆபீஸ் என்றால் ஹாஸ்டல் ஆபீஸ், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கடைசி ஹாலின் பச்சையைப் போட்டு முடித்து எஸ்கேப்பைத் தட்டியபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது, கேன்டீனிலிருந்து டீகூட வரவில்லை. பிரிண்ட்டைக் கொடுத்துவிட்டு, தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெபராணி கையில் ஒட்டியிருந்த தூசியைச் சேலையில் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். "எத்தன கட்டுட்டி, இடுப்பே போச்சு" என்று சொல்லிக்கொண்டு, வழக்கம்போலத் தோளில் கையை வைப்பதற்காக வடிவின் நாற்காலிக்கு வந்தவள், நாற்காலி காலியாக இருப்பதையும் வடிவு பிரிண்டர் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தாள். "என்ன, மொத ஹாலு பிரிண்ட் எடுக்கியா?"

"எல்லா ஹாலும்" என்றாள் வடிவு. அவளுக்கு முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

ஜெபா குனிந்து திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு ஹாலாகத் திறந்து திறந்து கடைசிவரை பார்த்தாள், நீலம், செங்கல், பச்சை, தடித்த கோட்டுக்குள் அரியர் பிள்ளைகள், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ட்ரோலர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"யாருட்டி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

வடிவுக்கு முதலில் அந்தக் கேள்வி புரியாதது போலிருந்தது. பிறகு முழுதாகப் புரிந்தது. எப்படிட்டி என்று கேட்டிருக்கலாம். அதற்குள்ளயா என்று கேட்டிருக்கலாம். ஒன்றுமே கேட்காமல் தண்ணீர் குடிக்கப் போயிருந்தால்கூட இன்றைக்கு ராத்திரிவரைக்கும், ஏன், சாகிறவரைக்கும்கூட அவள் ஜெபாவைத் தன் பக்கத்திலேயே வைத்திருந்திருப்பாள். பிரிண்டரிலிருந்து கடைசித் தாள் வந்து விழுந்தது. அவள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, மேஜையில் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டு, கண்ட்ரோலர் அறையைப் பார்த்து நடந்தாள். ஜெபா வேகமாக வந்து முழங்கையைப் பிடித்தாள், அவள் முகம் அன்றைக்கு வராந்தாவில் பிள்ளைகள் நின்றபோது வெளுத்தது போலவே வெளுத்திருந்தது. "நில்லு வடிவு. யாருன்னு சொல்லிட்டுப் போ. செல்லையாவா?"

வடிவு நின்றாள். பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள். உதறத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கல, ஜெபா" என்றாள். "இத்தன வருஷத்துல ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல."